ஓடும் தளத்தில் கைவைப்பது

சர்வரில் ஓடிக்கொண்டிருக்கும் கோப்பை நேரடியாகத் திருத்தக் கூடாது என்று இந்தத் தொழிலில் மூத்தவர்கள் எல்லோரும் சொல்வார்கள். சரியான பேச்சுதான். சொந்தக் கணினியில் திருத்தி, சோதனைத் தளத்தில் ஓட்டிப் பார்த்து, பிறகுதான் ஏற்ற வேண்டும். ஆனால் நாளைக் காலை பத்து மணிக் கூட்டத்துக்கு உங்கள் தளத்தில் இரவு பத்து மணி என்று போட்டிருக்கிறது. அது உங்கள் கண்ணில் படும்போது இரவு பதினொன்றரை. சோதனைத் தளம் கிடையாது. தளத்தை அமைத்துக் கொடுத்தவர் போனை எடுக்கவில்லை. சிறு பத்திரிகைகள், பள்ளிகள், சங்கங்கள், கடைகள் நடத்தும் தளங்கள் பல இப்படித்தான் பராமரிக்கப்படுகின்றன. அவர்களிடம் போய் 'கூடாது' என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தால் யாருக்கும் உதவி இல்லை. செய்தே ஆக வேண்டிய இரவில் அதை எப்படிச் செய்வது என்பதற்குத்தான் இந்த அத்தியாயம்.

கோப்பைத் திறப்பதற்கு முன்பே அதைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும் பாதை தயாராக இருக்க வேண்டும். இருக்கிறது என்று நினைத்தால் போதாது. இருக்கிறதா என்று கண்ணால் பார்த்திருக்க வேண்டும். கீழே வரும் எல்லாவற்றுக்கும் அடிப்படை இதுதான்.

கட்டளைகளின் பெயர்களை இந்த நூல் முழுக்கத் தமிழில் ஒலிபெயர்த்தே எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் தட்டுங்கள்.

எதைத் தொடலாம் என்பதை முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். ஒரே கோப்பு, சில வரிகள், அந்தக் கோப்பை மட்டும் திருப்பி வைத்தால் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்றால் நேரடியாகத் திருத்தலாம். தொலைபேசி எண், நேரம், பெயரில் ஓர் எழுத்துப்பிழை, ஸ்டைல்ஷீட்டில் ஒரு நிறம் எல்லாம் இந்த வகை. ஒன்றை மாற்றினால் கூடவே மூன்று கோப்புகளை மாற்ற வேண்டும் என்றாலோ, டேட்டாபேஸின் அமைப்பே மாறும் என்றாலோ, பணம் வாங்கும் பக்கம் என்றாலோ எவ்வளவு அவசரமானாலும் நேரடியாகக் கைவைக்காதீர்கள். அந்தப் பக்கத்தைக் காலைவரை மூடி வைப்பது அதைவிட மேல். வேர்ட்பிரஸ் தளம் என்றால் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தீமின் மூலக் கோப்புகளில் நீங்கள் செய்த திருத்தம், தீம் அடுத்த முறை அப்டேட் ஆனதும் சொல்லாமல் கொள்ளாமல் அழிந்துவிடும். அதற்காகத்தான் சைல்டு தீம் என்ற ஏற்பாடு இருக்கிறது. திருத்தத்தை அதில் வைத்தால் அப்டேட் அதைத் தொடாது.

போகும் வழி

சர்வருக்குப் போக இன்னும் பலர் எஃப்டிபியைப் பயன்படுத்துகிறார்கள். அது மிகப் பழைய வழி. இந்தியாவில் பிறந்து எம்ஐடியில் படித்துக்கொண்டிருந்த அபய் பூஷண் 1971இல் எழுதிய ஆவணம்தான் அதன் தொடக்கம். அந்தக் காலத்து வலையில் இருந்த கணினிகள் கொஞ்சம். உள்ளே வருபவர்களும் ஒருவரையொருவர் அறிந்தவர்கள். அதனால் அனுப்புவதை மறைக்கும் யோசனையே அதில் இல்லை. உங்கள் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் அப்படியே, திறந்த அஞ்சலட்டையில் எழுதியதுபோல் போகும். வழியில் யார் கேட்டாலும் படித்துக்கொள்ளலாம்.

1995இல் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் வலையில் யாரோ ஒருவர் கடவுச்சொற்களை இப்படித்தான் திரட்டினார். அதைப் பார்த்த டாட்டு யூலோனென் என்ற ஆய்வாளர் எழுதியதுதான் எஸ்எஸ்ஹெச். எஃப்டிபிக்கு 21ஆம் போர்ட், டெல்நெட்டுக்கு 23. இரண்டுக்கும் நடுவில் காலியாக இருந்த 22ஐ அவர் கேட்டு வாங்கினார். அந்த எண் இன்றும் அப்படியே இருக்கிறது. உங்கள் ஹோஸ்டிங் நிறுவனம் எஸ்எஸ்ஹெச் தருகிறதா என்று கேளுங்கள். முழு எஸ்எஸ்ஹெச் தராவிட்டால் எஸ்எஃப்டிபியாவது கேளுங்கள். பெயர் எஃப்டிபியைப் போல இருந்தாலும் அது எஸ்எஸ்ஹெச்சின் உள்ளே ஓடுவது. ஃபைல்ஜில்லாவிலும் வின்எஸ்சிபியிலும் இணைப்பு வகையை ஒருமுறை மாற்றிவிட்டால் போதும், பிறகு வேலை செய்யும் விதத்தில் ஒரு வித்தியாசமும் தெரியாது.

முதல் முறை இணையும்போது, இந்த சர்வரின் கைரேகை இது, ஏற்றுக்கொள்ளலாமா என்று ஒரு கேள்வி வரும். எல்லோரும் படிக்காமல் ஆம் என்கிறோம். ஹோஸ்டிங் பக்கத்தில் கைரேகை கொடுத்திருந்தால் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு ஆம் சொல்லுங்கள். நீங்கள் பலமுறை போய்வந்த சர்வரின் கைரேகை ஒருநாள் திடீரென்று மாறிவிட்டதாக எச்சரிக்கை வந்தால் அங்கேயே நில்லுங்கள். சர்வரை மாற்றினார்களா என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே உள்ளே போக வேண்டும்.

செல்போன் இணைப்பில் வேலை செய்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கோபுரம் மாறும்போது இணைப்பு அறுந்தால் பாதி எழுதிய திருத்தம் அந்தரத்தில் நிற்கும். சர்வருக்குள் நுழைந்ததும் டிமக்ஸ் என்று தட்டிவிட்டு அதற்குள் எடிட்டரைத் திறந்தால், இணைப்பு அறுந்தாலும் எடிட்டர் அங்கே திறந்தே இருக்கும். திரும்ப உள்ளே போய் 'டிமக்ஸ் அட்டாச்' என்றால் விட்ட இடத்தில் கர்சர் மின்னிக்கொண்டிருக்கும்.

திரும்பி வரும் பாதை

கோப்பைத் தொடுவதற்கு முன் நகல் எடுக்க வேண்டும் என்று எல்லா நூல்களும் சொல்லும். எப்படி எடுப்பது, எங்கே வைப்பது, எடுத்தது உண்மையிலேயே நகல்தானா என்ற மூன்றையும் பல நூல்கள் சொல்வதில்லை. எனக்கு அது பட்டுத் தெரிந்தது.

ஒரு சிறு பத்திரிகையின் தளத்தைக் கவனித்துக்கொண்டிருந்த காலம். ஓர் இரவு முகப்புப் பக்கத்தில் இரண்டு வரி மாற்ற வேண்டியிருந்தது. நகல் எடுக்கும் கட்டளையையும் எடிட்டரைத் திறக்கும் கட்டளையையும் அரைப்புள்ளி போட்டு ஒரே வரியில் தட்டினேன். எடிட்டர் திறந்தது. இரண்டு வரியை மாற்றி சேவ் கொடுத்தேன். எழுத முடியவில்லை, வட்டில் இடமில்லை என்று கீழே செய்தி வந்தது. பதற்றத்தில் எடிட்டரை மூடினேன். தளத்தைத் திறந்தால் வெள்ளைப் பக்கம். நகலைத் திருப்பி வைக்கப் போனேன். நகலின் அளவு பூஜ்யம்.

லாக் கோப்பு ஒன்று பல வாரமாக வீங்கி வட்டை நிரப்பியிருந்தது. நகல் எடுக்கும் கட்டளை அப்போதே 'இடமில்லை' என்று சொல்லியிருக்கிறது. அடுத்த கணம் எடிட்டர் திரை முழுவதையும் மூடிக்கொண்டதால் அந்தச் செய்தி என் கண்ணில் படவில்லை. சேவ் கொடுத்தபோது எடிட்டர் முதலில் பழைய கோப்பை வெறுமையாக்கிவிட்டுத்தான் புதியதை எழுதத் தொடங்கியது. வெறுமையாக்கியதால் கிடைத்த சிறிது இடத்தையும் லாக் கோப்பு பிடித்துக்கொண்டது. முந்தின நாள் பேக்கப்பிலிருந்து கோப்பை எடுத்து, அன்று பகலில் பத்திரிகைக்காரர்கள் போட்டிருந்தவற்றை மறுபடி சேர்த்து முடிக்க விடிந்துவிட்டது. எடிட்டரை மூடாமல் விட்டிருந்தால் அவ்வளவும் தேவைப்பட்டிருக்காது. முழு உரையும் அதன் நினைவில் இருந்தது. இன்னொரு ஜன்னலில் லாக்கைக் குறைத்துவிட்டு மறுபடி சேவ் கொடுத்திருந்தால் போதும்.

அன்றிலிருந்து முதலில் 'டிஎஃப் -ஹெச்' தட்டி வட்டில் இடம் இருக்கிறதா என்று பார்க்கிறேன். பிறகு நகல். இரண்டு கட்டளைகளை ஒரே வரியில் கொடுத்தே தீர வேண்டும் என்றால் நடுவில் அரைப்புள்ளி போடாமல் இரண்டு ஆம்பர்சேண்டு குறிகளைப் போடுகிறேன். முதலாவது தோற்றால் இரண்டாவது ஓடாது. அதன்பின் 'டிஃப்' கொண்டு அசலையும் நகலையும் ஒப்பிடுகிறேன். அது ஒன்றும் பேசாமல் இருந்தால் இரண்டும் ஒன்று. இத்தனைக்கும் பத்து விநாடிதான் ஆகும்.

நகல் எடுக்க 'சிபி -பி' என்று கொடுங்கள். அந்தப் 'பி' சேர்ந்தால் கோப்பின் அனுமதிகளும் பழைய தேதியும் அப்படியே நகலுக்கு வரும். நகலின் பெயரில் தேதியும் மணியும் இருக்கட்டும். 'பழையது', 'பழையது2', 'கடைசி', 'உண்மையான கடைசி' என்று பெயர் வைத்தால் மூன்று மாதம் கழித்து உங்களுக்கே எது எது என்று புரியாது.

இனி, எங்கே வைப்பது என்ற கேள்வி. இதில்தான் பெரிய ஆபத்து இருக்கிறது. திருத்தும் கோப்புக்குப் பக்கத்திலேயே, பெயரின் கடைசியில் 'பேக்' என்று ஒட்டி நகலை வைப்பது பரவலான பழக்கம். வேர்ட்பிரஸின் 'டபிள்யூபி-கான்ஃபிக்.பிஹெச்பி' கோப்பை எடுத்துக்கொள்ளுங்கள். டேட்டாபேஸின் கடவுச்சொல் அதில் இருக்கிறது. யாராவது பிரவுசரில் அதன் முகவரியைத் தட்டினால் ஒன்றும் தெரியாது. பெயர் பிஹெச்பி என்று முடிவதால் சர்வர் அதை ஓட்டுமே தவிரக் காட்டாது. அதே கோப்பின் நகல் 'பேக்' என்று முடிந்தால் சர்வருக்கு அது வெறும் உரைக்கோப்பு. கேட்டவருக்கு முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை அனுப்பிவைக்கும். இப்படி விட்டுப்போன நகல்களைத் தேடியே ஊர் ஊராக அலையும் நிரல்கள் இருக்கின்றன. எந்தத் தளத்தின் லாக்கைத் திறந்தாலும் இத்தகைய பெயர்களைக் கேட்டு வந்து தட்டிய சுவடுகளைப் பார்க்கலாம்.

நீங்கள் நகல் எடுக்காவிட்டாலும் எடிட்டர் எடுத்துவைக்கும். விம் ஒரு கோப்பைத் திறந்தவுடன் அதன் பக்கத்திலேயே புள்ளியில் தொடங்கி 'எஸ்டபிள்யூபி' என்று முடியும் மறைகோப்பு ஒன்றை உண்டாக்கும். ஈமாக்ஸ் பெயரின் கடைசியில் அலைக்குறி போட்ட நகலை விட்டுச்செல்லும். நானோவில் எழுதிக்கொண்டிருக்கும்போது இணைப்பு அறுந்தால், அதுவரை எழுதியதை 'சேவ்' என்ற வாலுடன் அதே அடைவில் காப்பாற்றி வைக்கும். எல்லாம் நமக்கு உதவி செய்யத்தான். பொதுமக்கள் வந்துபோகும் அடைவில் அந்த உதவியே திறந்த ஜன்னலாகிவிடுகிறது.

ஆகவே நகலை 'பப்ளிக்_ஹெச்டிஎம்எல்' அடைவுக்குள் வைக்காதீர்கள். அதற்கு ஒருபடி மேலே, உங்கள் சொந்த அடைவில், 'நகல்கள்' என்ற பொருள் வரும் பெயரில் ஓர் அடைவு உண்டாக்கி அங்கே வையுங்கள். பிரவுசருக்கு அந்த இடத்துக்குப் போகும் வழியே கிடையாது. வேலை முடிந்ததும் தள அடைவில் 'எல்எஸ் -ஏ' தட்டி, எடிட்டர் விட்டுச்சென்ற மிச்சங்கள் இருந்தால் துடைத்துவிடுங்கள்.

எதில் திருத்துவது

புதிதாக வருபவர்களுக்கு நானோ போதும். செய்ய வேண்டியதெல்லாம் திரையின் கீழேயே எழுதியிருக்கும். கன்ட்ரோல்-ஓ சேமிக்கும், கன்ட்ரோல்-எக்ஸ் வெளியேறும், கன்ட்ரோல்-டபிள்யூ தேடும். ஒரே ஓர் எச்சரிக்கை. 2019இல் வந்த 4.0க்கு முந்தைய நானோ, நீண்ட வரியில் நீங்கள் எதையாவது தட்டினால் அந்த வரியைத் தானே மடக்கி இரண்டாக்கிவிடும். அமைப்புக் கோப்பில் ஒரு வரி இரண்டானால் சர்வர் எழுந்திருக்காது. பழைய சர்வர்களில் இன்னும் பழைய நானோ இருக்கிறது. அங்கே '-டபிள்யூ' சேர்த்துத் திறந்தால் மடக்காது.

விஐயைக் கண்டு பயப்படுபவர்களுக்கு அது பிறந்த கதையைச் சொல்வேன். பில் ஜாய் 1976 வாக்கில் பெர்க்லியில் அதை எழுதியபோது, வீட்டிலிருந்து தொலைபேசிக் கம்பி வழியாக 300 பாட் மோடத்தில் வேலை செய்துகொண்டிருந்தார். விநாடிக்கு ஏறத்தாழ 30 எழுத்து. திரையை மறுபடி வரைய ஆகும் நேரத்தில் யோசனையே மறந்துபோகும். அதனால்தான் ஒரு சொல்லை அழிக்க 'டிடபிள்யூ', ஒரு வரியை அழிக்க 'டிடி' என்று கட்டளைகளை எழுத்து எழுத்தாகச் சுருக்கினார். தூரத்துக் கணினியில் இருக்கும் கோப்பை மெல்லிய கம்பி வழியாகத் திருத்துவதற்கென்றே பிறந்த எடிட்டர் அது. பிராம் மூலனார் 1991இல் வெளியிட்ட விம் அதன் வழித்தோன்றல். இன்று பெரும்பாலும் நாம் திறப்பது அதைத்தான். ஐ தட்டினால் எழுதலாம், எஸ்கேப் தட்டினால் எழுதுவது நிற்கும், முக்காற்புள்ளியும் டபிள்யூவும் சேமிக்கும். குழம்பிவிட்டால் எஸ்கேப், முக்காற்புள்ளி, க்யூ, ஆச்சரியக்குறி. கோப்பை ஒன்றும் செய்யாமல் வெளியே வந்துவிடலாம். கடைசியாகச் சொன்ன இதை மட்டுமாவது மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

திறக்கும்போதே 'இந்தக் கோப்புக்கு ஏற்கெனவே ஒரு மறைகோப்பு இருக்கிறது' என்று விம் எச்சரித்தால், ஒன்று வேறு யாரோ இதே கோப்பைத் திறந்து வைத்திருக்கிறார்கள், அல்லது முன்பு ஒருமுறை இணைப்பு அறுந்திருக்கிறது. எது என்று தெரிந்துகொள்ளாமல் மேலே போகாதீர்கள்.

சொந்தக் கணினியில் இருக்கும் எடிட்டரிலேயே திருத்துவது இன்னொரு முறை. வின்எஸ்சிபியில் கோப்பை இருமுறை சொடுக்கினால் அது உங்கள் கணினிக்கு இறங்கித் திறக்கும். சேவ் கொடுக்கும்போது தானாக மேலே ஏறும். வசதியானது. ஆனால் நீங்கள் பார்ப்பது இறங்கிய நேரத்து நகலை. காலையில் திறந்ததை மூடாமல் விட்டு மாலையில் சேவ் கொடுத்தால், நடுவில் சக ஊழியர் செய்த திருத்தம் போய்விடும். திருத்த வேண்டியபோது திறங்கள், முடிந்ததும் மூடுங்கள். விஷுவல் ஸ்டுடியோ கோடில் 2019இல் வந்த ரிமோட் எஸ்எஸ்ஹெச் வசதி இதைவிட நெருக்கமானது; அது சர்வரிலேயே ஒரு துணை நிரலை நிறுவிக்கொண்டு வேலை செய்கிறது. சொந்த சர்வரும் போதிய நினைவகமும் இருந்தால் நான் அதையே பரிந்துரைப்பேன். அரை ஜிபி நினைவகம் உள்ள சிறிய சர்வரில் அந்தத் துணை நிரலே தளத்தைத் திணறடிக்கும்.

வேர்ட்பிரஸின் உள்ளேயே தீம் கோப்புகளைத் திருத்தும் பக்கம் ஒன்று உண்டு. 2017இல் வந்த 4.9க்குப் பிறகு, பிஹெச்பியில் தளத்தை வீழ்த்தும் பிழை இருந்தால் அது திருத்தத்தை ஏற்காமல் பழையதையே வைத்துக்கொள்கிறது. நல்ல முன்னேற்றம். இருந்தாலும் அந்தப் பக்கத்தை அணைத்து வைக்கச் சொல்வேன். உங்கள் நிர்வாகக் கடவுச்சொல்லைத் திருடியவருக்குச் சர்வரில் தான் நினைத்ததை ஓட்டும் வாசலாக அதுவே ஆகிவிடும். 'டிஸ்அலவ்_ஃபைல்_எடிட்' என்ற ஒரு வரியைக் கான்ஃபிக் கோப்பில் சேர்த்தால் வாசல் மூடிக்கொள்ளும்.

தமிழ்க் கோப்பு என்றால்

டெர்மினல் என்பது கட்டம் போட்ட தாள். கட்டத்துக்கு ஓர் எழுத்து என்ற கணக்கில் உருவானது. தமிழில் 'கொ' என்று எழுதினால் கொம்பு முன்னே, கால் பின்னே, நடுவில் ககரம். பல டெர்மினல்கள் இதைச் சரியாக வரையாது. கர்சர் நிற்கும் இடமும் எழுத்து இருக்கும் இடமும் பொருந்தாமல் போகும். ஓர் எழுத்தை அழிக்கப் போய் அடுத்ததை அழித்துவிடுவோம். பத்தி கணக்கில் தமிழ் உரையைத் திருத்த வேண்டியிருந்தால் டெர்மினலை விட்டுவிட்டு மேலே சொன்ன சொந்தக் கணினி எடிட்டருக்குப் போங்கள். எண்ணையோ தேதியையோ மாற்றுவதோடு டெர்மினல் வேலை நிற்கட்டும்.

தேடும்போதும் ஒரு சிக்கல் உண்டு. 'கொ' என்பதை ககரம், ஒகரக் குறி என்று இரண்டு குறியீடாகவும் எழுதலாம். ககரம், எகரக் குறி, கால் என்று மூன்றாகவும் எழுதலாம். யூனிகோட் இரண்டையும் சமமாகக் கருதுகிறது. கண்ணுக்கும் ஒன்றாகவே தெரியும். தேடும் நிரலுக்கு அவை வேறு வேறு: முதலாவது 6 பைட், இரண்டாவது 9. 'கிரெப்' கொண்டு ஒரு சொல்லைத் தேடி, கண்முன்னே பக்கத்தில் இருக்கும் சொல் கோப்பில் இல்லை என்று பதில் வந்தால் இதைச் சந்தேகியுங்கள். ஒ, ஓ, ஔ ஓசை வராத பக்கத்துச் சொல்லைத் தேடினால் அந்த வரி அகப்படும்.

எழுத்துக் குறியீட்டுக்கு வருவோம். விண்டோஸ் நோட்பேடு 2019வரை புதிய கோப்பை ஆன்சி என்ற முறையில்தான் சேமித்தது. அதில் தமிழுக்கு இடமில்லை. எச்சரிக்கையைத் தாண்டிச் சேவ் கொடுத்தால் ஒவ்வொரு எழுத்தும் கேள்விக்குறியாகும். அந்தக் கேள்விக்குறியிலிருந்து எழுத்தை மீட்க வழியே இல்லை. அந்தப் பழைய நோட்பேடில் யூடிஎஃப்-8 என்று தேர்ந்தெடுத்தால் கோப்பின் தொடக்கத்தில் 'பாம்' என்ற, கண்ணுக்குத் தெரியாத 3 பைட்டைச் சேர்த்துவிடும். பிஹெச்பி கோப்பில் அந்த 3 பைட் முதலில் வெளியே போய்விடுவதால், தலைப்புத் தகவல் ஏற்கெனவே அனுப்பப்பட்டுவிட்டது என்ற பிழை வரும். கோப்பை எத்தனை முறை படித்தாலும் காரணம் தெரியாது. நோட்பேடு++ போன்ற எடிட்டரில் 'பாம் இல்லாத யூடிஎஃப்-8' என்று சேமியுங்கள். விண்டோஸின் வரிமுடிவும் லினக்ஸின் வரிமுடிவும் வேறு என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். பக்கங்களுக்கு அதனால் கேடில்லை. சர்வரில் ஓடும் ஷெல் ஸ்கிரிப்டு மட்டும் ஓட மறுக்கும்.

யூனிகோடுக்கு முந்தைய தளங்கள் சில இன்னும் டிஸ்கி, டாப் என்ற பழைய குறியீடுகளில் அப்படியே இருக்கின்றன. பழைய கட்டுரைகளின் ஒரே பிரதியாகக்கூட அவை இருக்கலாம். யூடிஎஃப்-8 என்று எண்ணித் திறக்கும் எடிட்டர், தனக்குப் புரியாத பைட்டுகளை எல்லாம் ஒரே மாற்றுக்குறியாகக் காட்டும். அப்போது சேவ் கொடுத்தால் அந்த மாற்றுக்குறிதான் மிஞ்சும். பழைய தமிழ்த் தளத்தின் கோப்பை, நகலை உங்கள் கணினியில் பத்திரப்படுத்தாமல் தொடவே தொடாதீர்கள்.

சேவ் கொடுக்கும் கணம்

நீங்கள் சேவ் கொடுக்கும் அந்தக் கணத்தில் யாரோ ஒருவர் அந்தப் பக்கத்தைக் கேட்கலாம். கோப்பு பாதி எழுதப்பட்டிருந்தால் அவருக்குப் பாதிதான் கிடைக்கும். இதைத் தவிர்க்க நான் செய்வது இது. 'ஹெடர்.பிஹெச்பி'யைத் திருத்த வேண்டுமானால் முதலில் அதை 'ஹெடர்-புதிது.பிஹெச்பி' என்று அதே அடைவில் நகலெடுக்கிறேன். பெயர் பிஹெச்பி என்றே முடிவதால் உள்ளே இருப்பது யாருக்கும் வெளிப்படாது. திருத்துவது அந்த நகலில். முடிந்ததும் 'பிஹெச்பி -எல்' கொண்டு இலக்கணப் பிழை இருக்கிறதா என்று பார்க்கிறேன். ஓர் அரைப்புள்ளி விட்டுப்போயிருந்தால் எந்த வரியில் என்று அது சொல்லிவிடும். சரியாக இருந்தால் 'எம்வி' கொண்டு பழைய பெயருக்கு மாற்றுகிறேன். ஒரே வட்டுப் பகுதிக்குள் பெயர் மாறுவது ஒரே அடியில் நடக்கும் காரியம். வருகிறவருக்குப் பழைய கோப்பு முழுதாகக் கிடைக்கும், அல்லது புதியது முழுதாகக் கிடைக்கும்.

இப்படிச் செய்யும்போது கோப்பின் உரிமையாளர் மாறிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ரூட்டாக நுழைந்து புதிய கோப்பு உண்டாக்கினால் அது ரூட்டுக்குச் சொந்தமாகும். பிறகு வேர்ட்பிரஸால் அதை அப்டேட் செய்ய முடியாது. உபுண்டுவிலும் டெபியனிலும் வலை சர்வர் ஓடும் பயனரின் பெயர் 'டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா'. கோப்புகளுக்கு 644, அடைவுகளுக்கு 755 என்பது வழக்கமான அனுமதி. ஏதோ ஒன்று வேலை செய்யவில்லை என்றதும் 777 கொடுக்கச் சொல்லி யாராவது அறிவுரை சொல்வார்கள். கேட்காதீர்கள். அந்தச் சர்வரில் இருக்கும் எல்லோருக்கும் உங்கள் கோப்பில் எழுதும் உரிமையைக் கொடுப்பதற்குத்தான் அந்த எண்.

சர்வரின் அமைப்புக் கோப்புகளுக்கும் ஒத்திகை உண்டு. என்ஜின்எக்ஸுக்கு 'என்ஜின்எக்ஸ் -டி', அப்பாச்சிக்கு 'அப்பாச்சிசிடிஎல் கான்ஃபிக்டெஸ்ட்'. இவை சரி என்று சொன்ன பிறகே ரீலோட் கொடுங்கள். அப்பாச்சியின் 'ஹெச்டிஆக்சஸ்' கோப்புக்கு மட்டும் இந்த ஒத்திகை செல்லாது. ஒவ்வொரு வேண்டுகோளின்போதும் அது புதிதாகப் படிக்கப்படுகிறது. ஒரு பிழை இருந்தால் சேவ் கொடுத்த மறுகணமே அந்த அடைவு முழுவதும் 500 என்று காட்டும். அதைத் திருத்தும்போது, நகலைத் திருப்பி வைக்கும் கட்டளையை இன்னொரு ஜன்னலில் தட்டி என்டர் மட்டும் பாக்கி என்ற நிலையில் வைத்திருப்பேன். எஸ்எஸ்ஹெச்சின் அமைப்பையே மாற்றுகிறீர்கள் என்றால் இப்போது இருக்கும் இணைப்பை மூடாமல் புதிதாக ஒன்றைத் திறந்து பாருங்கள். புதியது உள்ளே விட்டால்தான் பழையதை மூட வேண்டும். இல்லாவிட்டால் வீட்டைப் பூட்டிச் சாவியை உள்ளே வைத்த கதைதான்.

மாற்றம் தெரியவில்லை என்றால் உடனே மறுபடி திருத்தாதீர்கள். பிரவுசர் பழைய நகலைக் காட்டிக்கொண்டிருக்கலாம், கன்ட்ரோல்-எஃப்5 தட்டுங்கள். பிஹெச்பியின் ஆப்கேஷ் வழக்கமாக 2 விநாடிக்கு ஒருமுறைதான் கோப்பு மாறியதா என்று பார்க்கும். சில சர்வர்களில் பார்ப்பதையே நிறுத்தியிருப்பார்கள், பிஹெச்பியை ரீஸ்டார்ட் செய்தால்தான் தெரியும். முன்னால் கிளவுட்ஃபிளேர் போன்ற சேவை இருந்தால் அங்கும் ஒரு பழைய நகல் இருக்கும். இவை எல்லாவற்றையும் தாண்டிய பிறகும் பழையதே தெரிந்தால், நீங்கள் திருத்தியது வேறு கோப்பாக இருக்கலாம்.

பக்கம் உடைந்துவிட்டால் காரணத்தை யோசிப்பதற்கு முன் நகலைத் திருப்பி வையுங்கள். தளம் எழுந்து நிற்கட்டும். பிறகு பிழை லாக்கின் கடைசி வரிகளை 'டெயில்' கொண்டு படியுங்கள். எந்தக் கோப்பு, எந்த வரி என்று அதில் இருக்கும். காரணம் புரிந்தால் நகலில் திருத்தி மறுபடி முயலலாம். புரியாவிட்டால் அன்றைக்கு விட்டுவிடுங்கள். உடைந்த பக்கத்தின் மேலேயே ஒன்றன்பின் ஒன்றாகத் திருத்திக்கொண்டே போனவர்களைத்தான் நான் நடுஇரவில் போனில் சந்தித்திருக்கிறேன். ஐந்தாவது திருத்தத்தில் அவர்களுக்கு முதலாவது என்னவென்று நினைவில்லை.

படுக்கப் போகுமுன் இரண்டு வேலை பாக்கி இருக்கும். பழைய நகலுக்கும் புதிய கோப்புக்கும் இடையே 'டிஃப் -யு' ஓட்டி, வருவதை ஒரு குறிப்பில் ஒட்டி, தேதியும் யார் கேட்டதால் மாற்றினீர்கள் என்பதையும் அதன் மேலே எழுதிவையுங்கள். கிட் தெரிந்தவர்கள் அதில் போடலாம். ஆனால் புள்ளியில் தொடங்கும் அதன் அடைவு தளத்துக்குள் இருந்தால் பிரவுசர் வழியாக எட்டாதபடி மூடிவிட வேண்டும், உங்கள் திருத்த வரலாறு முழுவதும் அதில் இருக்கிறது. அடுத்தது, திருத்திய கோப்பை உங்கள் கணினிக்கு இறக்கி அங்கிருக்கும் பழையதை மாற்றுவது. தளத்தை அமைத்துக் கொடுத்தவரிடம் அசல் இருந்தால் அதே கோப்பை அவருக்கும் அனுப்பி, 'நேற்று இரவு இந்த வரியை மாற்றினேன்' என்று காலையில் ஒரு போன் செய்யுங்கள். இல்லையென்றால் அவர் அடுத்த வாரம் தன்னிடம் இருக்கும் பழைய கோப்பை ஏற்றுவார், கூட்டம் மறுபடி இரவு பத்து மணிக்குப் போய்விடும்.